டைரக்டரிக்கு அடியில் தூங்கிய ஃபைல்

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலியிலிருந்து ஒரு செய்தி. வாசல் கேட்டை ஒட்டி நிற்கும் இஸ்திரி வண்டியை அப்புறப்படுத்தலாமா என்று கேட்டு, கீழே ‘சம்மதம்’, ‘மறுப்பு’ என இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: மூன்று நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த வரியைப் படித்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கு வீட்டில் நான் வாங்கிய திட்டு தனி.

நீ இருந்திருந்தால் உடனே உனக்குப் போன் செய்திருப்பேன். “இன்னா மாமே, நம்ம சரக்கு இன்னும் ஓடிக்கினு கீது போல” என்று சிரித்திருப்பாய். நம் சரக்கேதான். அந்தப் பொடி எழுத்து வரியாவது முழுக்க உன்னுடையது.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வருகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தோம். உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சங்குச் சத்தத்துக்குச் சைக்கிள் மிதித்தவர்கள். எண்பதுகளின் நடுவில் நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் பிரிவில் சேர்ந்தாய். சில வருஷம் கழித்து அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் வந்தேன். ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, பேசிக்கொண்டே நடப்போம். கல்யாணமாகி நீ சேக்காட்டுக்குக் குடிபோன பிறகும் அந்த நடை மாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில்தான் அந்தச் சாஃப்ட்வேர் வந்தது. ‘வொர்க்ஃப்ளோ’ என்றார்கள். லீவு விண்ணப்பம், சாமான் கேட்கும் இண்டெண்ட், கேட் பாஸ் எதுவும் இனிமேல் பியூன் கையில் போகாது. ஒருவர் திரையில் ஒப்புதல் கொடுத்தால் தானாகவே அடுத்தவர் திரையில் போய் நிற்கும். எந்தக் காகிதம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று படம் வரைந்து கொடுப்பது என் வேலை. ஆட்களைத் தெரிந்தவன் என்று ஜி.எம். உன்னையும் என்னோடு சேர்த்துவிட்டார்.

பிரிவு பிரிவாகப் போய் உட்கார்ந்து கேட்டோம். எல்லாரும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள். இங்கிருந்து வரும், கையெழுத்துப் போடுவோம், அங்கே போகும். வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம் கம்பெனியில் எந்தக் காகிதத்திலும் யாரும் ‘முடியாது’ என்று எழுதியதே இல்லை. பிடிக்காத ஃபைல் தட்டின் அடியில் போகும். கேட்டால், “பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்பார்கள். நாலு தடவை கேட்டவன் ஐந்தாவது தடவை கேட்க மாட்டான். அதுதான் மறுப்பு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, யார் பெயரும் கெடவில்லை.

நீயும் அதில் ஒன்றும் சளைத்தவன் இல்லை. உன் மேசையில் டெலிபோன் டைரக்டரி ஒன்று இருந்தது, தலையணை கனத்துக்கு. எவனாவது சூப்பர்வைசர் கோபத்தில் ஒரு ஆளின் மீது எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த ஃபைல் அதற்கு அடியில் போய்விடும். “தூங்கட்டும் மச்சான். கோவம் அடங்குனா அவனே வந்து திருப்பிக் கேப்பான்” என்பாய். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. சாஃப்ட்வேரில் இதை எங்கே வரைவது என்று கேட்டேன். “டைரக்டரிய எல்லாம் வரையாத, ஜி.எம். பாத்தா டென்சன் ஆவாரு” என்றாய்.

பிறகு அந்தக் கூட்டம். கடைசல் பிரிவுக்குப் பாதுகாப்பு ஷூ கேட்டு நீ அனுப்பிய இண்டெண்ட் அக்கவுண்ட்ஸ் தட்டில் மாதக்கணக்கில் கிடந்தது. தொழிலாளர்கள் தினமும் உன்னைத்தான் பிடித்து உலுக்கினார்கள். அந்தக் கடுப்பு உனக்கு. திரையில் வந்த காகிதத்துக்குப் பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று ஜி.எம். கேட்டார். நீ சட்டென்று, “மூணு நாள் டைம் குடுக்கலாம் சார். வாயத் தொறக்கலன்னா சரின்னு எடுத்துக்கினு மேல தள்ளிடலாம்” என்றாய். சொல்லும்போது அக்கவுண்ட்ஸ் ஆபீசரைத்தான் பார்த்தாய். ஜி.எம்முக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாக் காகிதத்துக்கும் ஒரே விதி என்று அங்கேயே முடிவு செய்தார். நான் குறித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு மானிட்டர்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, அதற்கு அடுத்த வாரம் ஓடவிட்டோம். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் ஒவ்வொரு திரையையும் பிரிண்ட் எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டு, ஃபைல் செய்தார். திரையில் அனுப்பியவர்கள், வந்ததா என்று கேட்கப் பியூனை அனுப்பினார்கள். ஆனால் உன் ஷூ வந்துவிட்டது. அவர் பதில் சொல்லாமல் இருந்தார், மூன்றாம் நாள் அது தானாக மேலே போய்விட்டது. அன்று நீ எனக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாய்.

எல்லப்பனின் பெயர் உன் திரைக்கு வந்தது அதற்கப்புறம்தான். துளை போடும் பிரிவில் வேலை செய்த எல்லப்பன், சென்னீர்குப்பத்திலிருந்து வருகிறவர், அதிகம் பேசாத மனிதர். பல வாரமாக வேலைக்கு வரவில்லை, கடிதமும் இல்லை. வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார். நீ அதை என்னிடம் காட்டினாய். மேலே ஓரத்தில், மீதி எத்தனை நாள் என்று ஒரு எண் இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான். டைரக்டரி உன் மேசையில் அப்படியே இருந்தது, அதற்கு அடியில் வைக்கக் கையில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் நீ ரயிலுக்கு வரவில்லை. பூந்தமல்லி பஸ் பிடித்துச் சென்னீர்குப்பம் போயிருந்தாய். மறுநாள் நடந்து வரும்போது சொன்னாய்.

“ஊட்ல தான் கீறாரு. அவரு பொஞ்சாதிக்குக் கொழந்த பொறந்ததுலேர்ந்து மனசு சரியில்ல மச்சான். கொழந்தயக் கையில குடுக்கவே பயமா கீதாம். மாமியா வந்துகினு கீறாங்களாம். வந்தா வேலைக்கு வந்துட்றேன்றாரு.”

“அதையே காரணமாப் போட்டு ரிஜெக்ட் பண்ணிடேன்” என்றேன்.

“போட்டா?”

“போட்டா நின்னுடும்.”

“நின்னுடும். எத்தினி ஸ்கிரீன்ல தெரியும் அது? சூப்பர்வைசரு, பிளாண்ட் மேனேஜரு, அக்கவுண்ட்ஸு. அந்தாளு அத்தப் பிரிண்ட் எடுத்து ஃபைல் வேற பண்ணுவாரு. சாயங்காலம் கேண்டீன்ல அதுதான் பேச்சு. அவரு திரும்பி வந்து எப்டிப்பா மூஞ்சக் காட்டுவாரு? கடுதாசி போடாததே அதுக்குத்தான?”

காரணம் எழுதாமல் மறுப்பை ஏற்கக் கூடாது என்று சாஃப்ட்வேரில் இருந்தது. நான் உள்ளே போய் அந்த நாள் கணக்கை நிறுத்தி வைக்கிறேன் என்றேன். என்னால் முடியும், யார் நிறுத்தினார்கள் என்று பதிவாகும், அவ்வளவுதான். நீ தலையை ஆட்டினாய். “வேணா. அப்ப ஒன் பேரு வரும். இது என் மேசைக்கு வந்தது.” அதோடு பேச்சை மாற்றி, உன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய். கம்ப்யூட்டர் அறைக்குள் அப்போதெல்லாம் செருப்போடு யாரும் வருவதில்லை. உன் திரையிலேயே செய்திருக்கலாம். என் எதிரில் செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, நான் கேட்கவில்லை. ‘ரிஜெக்ட்’ அழுத்தினாய். காரணம் கேட்டது. தமிழ் எழுத்து அதில் வராது. இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாய்: ஆள் வருவார். அவ்வளவுதான் எழுதினாய். அந்த சாஃப்ட்வேரில் விழுந்த முதல் மறுப்பு அது.

ஜி.எம். உன்னைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார், சாஃப்ட்வேரில் ஏதாவது தவறா என்று கேட்க.

“ரீசன் கேட்டா இதென்னய்யா பதில்? எதனால வரல, எப்ப வருவான், ஒண்ணும் இல்லையே?”

“காரணம் கீது சார். எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா எழுது.”

“எழுத முடியாது சார்.”

“ஒன் பேர்ல நிக்குது இது. நாளைக்கு அவன் வரலன்னா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

ஜி.எம். கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் கத்துவார், மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார். காகிதக் காலமாக இருந்தால் இதையும் மறந்திருப்பார். ஆனால் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பட்டியல் தானாகவே போனது. அதில் மறுப்பு என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. யார் இது, என்ன விஷயம் என்று அங்கிருந்து கேட்டார்கள். அவரால் விளக்க முடியவில்லை. உன்னைத் திருமழிசை யூனிட்டுக்கு மாற்றினார்கள். நாலு ஷெட், சுற்றிலும் வயல், உனக்கு அங்கே ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸ் வேலை. நான் தனியாகப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தேன். உன்மேல் எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் என்று பல நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எல்லப்பன் வந்தார். நீ போன சில நாளில், முதல் ஷிப்டுக்கு, டிபன் டப்பாவோடு கேட்டில் நின்றார். வாட்ச்மேன் பட்டியலில் பெயரைப் பார்த்து உள்ளே விட்டான். எங்கே போயிருந்தாய் என்று சூப்பர்வைசர் கேட்க, ஊட்ல வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். “வருவாருன்னு தான எழுதிக் கீறேன்” என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. திருமழிசையிலிருந்து நீ கடைசிவரை திரும்பவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை.

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று சேக்காட்டில் உன் வீட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, வளர்ந்த மகன். அந்த அம்மா உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த திருமழிசை யூனிட்காரர்கள், இவர்கள் யார், உனக்குச் சொந்தமா என்று என்னிடம் கேட்டார்கள். நம்முடன் வேலை செய்தவர் என்று மட்டும் சொன்னேன்.

இந்த இஸ்திரி வண்டி விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை மச்சான். கார் திருப்ப இடைஞ்சல் என்கிறார்கள், அது உண்மையும்தான். இதுவரை சங்கம் கேட்ட எதற்கும் நான் பதில் போட்டதில்லை, எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்ததாகத்தான் அங்கே பதிவாகியிருக்கும். இன்று அடுப்பைத் துடைத்து முடித்ததும் போனை எடுத்து ‘மறுப்பு’ அழுத்தினேன். காரணம் கேட்டது. வண்டி அங்கேயே நிற்கட்டும் என்று எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். “சார், தெரியாம அழுத்திட்டீங்களா? மறுப்புல உங்க பேர் மட்டும் தனியா நிக்குது.”

“தெரிஞ்சுதான் அழுத்தினேன்” என்றேன்.

போனை வைத்துவிட்டு இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். நிஜமாகவே தனியாகத்தான் நின்றது. உன் பெயருக்குக் கீழே அன்றைக்கு இருந்த மாதிரியே, இங்கேயும் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது.