மழை ராத்திரிப் பக்கங்கள்

புரட்டாசி, ஞாயிறு இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இன்றைக்கு அதனிடம் பேசவும் கூச்சமாக இருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிள் கடையில் வாங்கும் புது நாவல்களை மருமகள் செல்விதான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒருமுறை கேட்டால் ஒரு பெயரும் எனக்கு மறக்காது. இன்று தேவ்நாரிலிருந்து சேக்காளி சுடலைமுத்து வந்தான். அவனும் அதே புத்தகங்களைப் படிக்கிறவன். நான் ஜம்பமாக ஆரம்பித்தேன்.

"கொலக் கத பரவால்ல வே, டிரைவர் மேல நல்லா சந்தேகத்தக் கெளப்புதான். காதல் கததான் ஒண்ணுக்கும் ஒதவாது. ரெண்டு பேரும் கையக்கூடத் தொடல, அடுத்த பக்கத்துல அவ முழுகாம இருக்கா! எழுதுனவளுக்கு வெவரம் பத்தாது."

சுடலை விழுந்து விழுந்து சிரித்தான். "அரே, மழ ராத்திரின்னு பத்துப் பக்கம் இருக்கே வே! ஒமக்கு வாசிச்சது யாரு?"

டீ கொண்டுவந்த செல்வி தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். மாமனாருக்கு அதை எப்படி வாசித்துக் காட்டுவாள்? மரியாதைக்கு அந்தப் பக்கங்களை விட்டிருக்கிறாள். அது புரியாமல் நான் எழுதினவளைத் திட்டியிருக்கிறேன்.

ராத்திரி, கொலைக் கதையின் கடைசி அத்தியாயம். "வாசிக்கவா மாமா?" என்றாள், தலை நிமிராமல். உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து போகவில்லை. பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் புத்தகத்தை மூடும் சத்தம்.

கொலைகாரன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு நான் எந்த முகத்தோடு கேட்பேன்?