துணைக்குப் படித்தவள்

தியாகதுருகம்
11.10.1987

அன்புள்ள வெங்கடேசனுக்கு,

உன் பழைய வாத்தியார் தஸ்தகீர் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. பட்டான்கோட்டு ராணுவ முகாமில் குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். உன் கடிதத்தைப் பெரியநாயகி என்னிடம் கொண்டுவந்தாள். நான்தான் படித்துக் காட்டினேன். அதனால் பதில் எழுதும் கடமையும் என்னுடையதாகிவிட்டது.

முதலில் செல்வியின் காயம். தந்தியில் 'சிறு காயம்' என்று கொடுத்தார்கள், நீ பதறக்கூடாது என்று. புதுச்சேரி டாக்டர்கள் கண்ணாடித் துண்டுகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் இடது கண்ணுக்கு இனிப் பார்வை வராது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலைப் பற்றி அங்கே பத்திரிகையில் நாலு வரி வந்திருக்கலாம். இங்கே நிழல் தந்த புளியமரங்களை எல்லாம் வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளினார்கள். அன்று காலை கள்ளக்குறிச்சிக்கு ஒரே ஒரு பஸ் புறப்பட்டது. காலாண்டுக் கணக்குப் பரீட்சை என்று செல்வி அதில் ஏறிவிட்டாள். உன் பையன் சுபாஷ் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டதாக வீட்டில் நினைத்திருந்தார்கள். மரத்தைக் கண்டு டிரைவர் வண்டியைத் திருப்பப் பார்த்தபோது கல் விழுந்தது. ஒன்றல்ல, மழை மாதிரி. டிரைவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் பெண்ணின் முகத்தில் கண்ணாடி உடைந்து இறங்கியது.

இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டபோது, பெரியநாயகி செய்தது என்ன தெரியுமா? அடுப்பிலிருந்த விறகை உருவி அந்தப் பெண்ணின் முதுகில் அடித்தாள். "ஆம்பளைங்களே அடங்கிக் கெடக்குற நாள்ல ஒனக்கு இன்னாடி பரிச்ச?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். என் மனைவி ஜீனத்துன்னிசா ஓடிப்போய்ப் பிடுங்கியிராவிட்டால் மண்டையும் உடைந்திருக்கும். பிறகு அவளே மகளை மடியில் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தாள். அவளைக் குறை சொல்லாதே. பயம் வந்தால் கை யாரை அடிப்பது என்று பார்ப்பதில்லை.

மறுநாள் போலீஸ் ஊருக்குள் புகுந்தது. கதவுகளை உடைத்து ஆண்களை இழுத்துவந்து தெருவில் உருட்டி அடித்தார்கள். உன் பங்காளி பழனிக்கு இரண்டு காலும் போய்விட்டது. அவன் மறியல் பக்கமே போகாதவன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். சுபாஷ் கரும்புக் கொல்லைக்குள் படுத்துத் தப்பினான்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். 'பஸ்ஸில் போனதால்தான் இந்தக் கதி, பொட்டப்புள்ளையை நிறுத்து, தையல் மிஷினுக்குச் சொல்லிவிட்டேன், சுபாஷ் ஃபெயில் ஆகாமல் வாத்தியார் பார்த்துக்கொள்ளட்டும்' என்று எழுதியிருக்கிறாய்.

வெங்கடேசா, ஒரே வயிற்றில் ஒன்றாய் வந்த இரண்டு பிள்ளைகள். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் தொண்ணூற்றாறு, அவன் நாற்பத்தைந்து. லீவில் வந்தபோது நீ என்ன சொன்னாய்? "அவன் ஒரு வழிக்கு வர்ற வரிக்கும் அவளும் தொணைக்கு அதே குரூப்ல படிக்கட்டும் ஐயா. வூட்ல சொல்லிக் குடுப்பா" என்றாய். உங்கள் படையில் குறி தப்பாமல் சுடுகிறவனைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, குறி வராதவன் கையில் துப்பாக்கி கொடுப்பார்களா? தையல் பெண் வேலை என்கிறாய். தியாகதுருகம் கடைவீதியில் தைப்பவர்களில் ஒரு பெண் உண்டா? காசு வந்தால் அது ஆண் வேலை, வராவிட்டால் பெண் வேலை. இதை நீ யோசித்துச் செய்யவில்லை, உன் அப்பா செய்ததைச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை சுபாஷ் என் வீட்டுக்கு வந்தான். சோறு வைத்தால் தொடவில்லை. பரீட்சை ஹாலில் செல்வி பக்கத்தில் இருக்கமாட்டாள், தாளை வெறுமையாய்க் கொடுக்கவேண்டும், மார்க் வந்தால் நீ தோலை உரிப்பாய் என்று மறியலுக்கு முன்னால் ஒரு வாரமாய் அவன் தூங்கவில்லையாம். பஸ் நின்றால் பரீட்சை நின்றுவிடும் என்று கூட்டத்தோடு போய் நின்றிருக்கிறான். "கல்லு கைய வுட்டுப் போனதுக்கு அப்பறந்தான் ஐயா அவ மூஞ்சியப் பாத்தேன்" என்றான்.

செல்வியும் அவனைப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "ஒரே கூட்டங்க, ஆரும் தெரியல" என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு எழுதவே கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஏனென்றால் சுபாஷ்தான் எழுதச் சொன்னான். "எழுதுங்க ஐயா. இல்லனா பஸ்ஸு மேல பழியப் போட்டு எங்கப்பா அவளத்தான் நிறுத்துவாரு. அந்த மிஷின எனக்குக் குடுக்கச் சொல்லுங்க, நான் தெச்சிக்கினு கெடக்குறேன்" என்றான். அவன் வாயிலிருந்து பயமில்லாமல் வந்த முதல் வார்த்தை அது.

ஆகவே அவளை நிறுத்தாதே. தீபாவளி கழிந்ததும் பள்ளிக்குப் போகட்டும். யாருக்கும் துணையாக அல்ல, அவளுக்காகப் போகட்டும். சரி என்று ஒரு வரி எழுது.

கடிதம் கண்டதும் நீ லீவு கேட்பாய், வந்து இறங்கியதும் பெல்ட்டை உருவுவாய். உன்னைச் சிறு பையனிலிருந்து அறிவேன். மகன்மேல் நீ கை ஓங்கும்போதெல்லாம் செல்விதான் ஓடிவந்து குறுக்கே நிற்பாள். இனிமேலும் நிற்பாள். ஆனால் இடப்பக்கத்திலிருந்து வருகிற கை இப்போது அவளுக்குத் தெரியாது, வெங்கடேசா. வெறுங்கையோடு வா.

ஆண்டவன் உன் கையைத் தாழ்த்தி வைக்கட்டும், உன் குடும்பத்தை உயர்த்தி வைக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்
சே. தஸ்தகீர்