உப்புக் கையில் ஊற்றிய தண்ணீர்

மரக்காணம்,
13-5-1973

அன்பு மகன் சகாதேவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, திடமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால் எங்களுக்கு அது போதும். பொம்மையார்பாளையத்தில் உன் தங்கை ஞானாம்பாளுக்கு உடம்பு தேறிவிட்டது, குழந்தை குப்புற விழுந்து நீந்துகிறான், மூக்கு மட்டும் உன்னைப் போல, பாவம். அவள் வீட்டுக்காரர் குயிலாப்பாளையம் பக்கம் வந்து குடிசை போட்டிருக்கிற வெள்ளைக்காரர்களிடம் மரம் நடக் குழி வெட்டப் போகிறார். அதில் ஒரு பெண் தாகத்துக்கு இவள் வீட்டுக்கே வந்து நம் சொம்பை வாங்கி வாய் வைத்துக் குடித்தாளாம், தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். இந்த வருஷம் வெயில் கொளுத்துகிறது, அதனால் உப்பு நன்றாக விளைகிறது, எங்களுக்குத்தான் தோல் உரிகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா இந்தச் சித்திரை வெயிலிலும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்தது. நான் ஐந்தாவது படித்தவள், எழுத்துக் கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தேன், புரிந்துகொண்டது சரிதானா என்று நீயே பார். நீ சரித்திரம் நடத்துகிற அந்த அமெரிக்கக் கல்லூரியில் பத்து வருஷத்துக்கு முன்பு வரை கறுப்புப் பிள்ளைகளைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை, கோர்ட்டு சொன்ன பிறகுதான் விட்டார்கள். இப்போது உன் வகுப்பில் அவர்களும் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கதையை நீ ஒளிக்காமல் பாடத்தில் சொன்னாய். அப்போது ஒரு கறுப்புப் பெண் எழுந்து, தெருவில் இருக்கிற தண்ணீர்க் குழாயில்கூடத் தன் அம்மாவைக் குடிக்க விடவில்லை, வெள்ளையருக்கு ஒன்று கறுப்பருக்கு ஒன்று என்று போர்டு மாட்டியிருந்தார்கள் என்று சொல்லி, உங்கள் நாட்டில் இப்படி உண்டா சார் என்று கேட்டாள். நீ உன் அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னாய். யாரோ ஒரு மாணவனைப் பெற்றவர் மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டார். அதுவரை உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட டீன், நீ இந்தியாக்காரன், இவர்களைப் போல் இல்லை, உனக்கெதற்கு இந்த வம்பு என்று தோளில் கை போட்டுக் கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைப் பேசினேன், என் ஊரைப் பற்றிச் சொன்னது கேள்விப்பட்ட கதை, இனி வகுப்பில் இதைப் பேசமாட்டேன் என்று அதில் டைப் அடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை நிற்கும், போடாவிட்டால் அடுத்த வருஷம் வேலையும் இல்லை விசாவும் இல்லை. ஜூன் மாதம் நிர்வாகக் குழுவில் விசாரணை வைத்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

போடாதே. இதைச் சொல்ல நான் யாரையும் கேட்கவில்லை, அப்பாவைக்கூடக் கேட்கவில்லை, கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். கேட்காமலே அவர் சொல்லவும் செய்தார், "கையெழுத்துதான, போட்டுட்டு பொழப்பப் பார்க்கச் சொல்லு, அவ்ளோ தூரம் போனவன் இதுக்காவ திரும்பி வருவானா" என்று. அவர் பயம் உன் மேல் இருக்கிற பாசம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்விப்பட்ட கதை என்று எழுதியிருக்கிறானே அந்த மனுஷன், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன், என் கை இருக்கிறது, இது எப்படிக் கேள்விப்பட்ட கதை ஆகும்? சின்ன வயசில் உப்பு வாரப் போனவள் இத்தனை வருஷமும் அதே உப்பளத்தில்தான் நின்றேன். கோடை வந்தால் காலனிக் கிணறு கரித்துவிடும், அளத்துப் பக்கத்தில் நல்ல தண்ணீர் முதலாளி தோப்புக் கிணற்றில்தான். மத்தியானம் குடம் வரும். ஊரிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் சொம்பில் மோந்து குடிப்பார்கள், நாம் குனிந்து கையேந்த வேண்டும், மேஸ்திரி எட்ட நின்று ஊற்றுவார். பாத்தியிலிருந்து ஏறி வந்த கை, வெடிப்பு வெடிப்பாக உப்பு ஏறிய கை, அதில் ஊற்றினால் முதல் வாய் உப்புத் தண்ணீர்தான். முதல் வாயைத் துப்பிவிட்டு அடுத்த வாயைக் குடிப்பது நம் பழக்கம். நாலு வயசில் நீ என்னோடு வந்து, ஏம்மா துப்புற என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. நீ இத்தனை வருஷம் கழித்து ஒரு வகுப்பு முன்னால் அதைச் சொல்லியிருக்கிறாய், எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

இன்னொன்று, அந்த டீன் உன்னை இவர்களைப் போல் இல்லை என்று சொன்னது. அந்தப் பாராட்டு நமக்குப் பழக்கம்தானே. நீ புதுச்சேரிக்குப் படிக்கப் போனபோது முதலாளியும் உன்னைக் காலனிப் பையன் மாதிரியே இல்லை என்று வாயாரச் சொன்னார், ஆனால் வாசற்படி ஏறச் சொல்லவில்லை. உன்னைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மற்றவர்களைத் தள்ளி வைப்பதற்குத்தான் சகாதேவா. அங்கே கொஞ்சம் இடம் கொடுத்தார்கள் என்று மயங்கிவிடாதே.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் மேஸ்திரி சக்கரபாணி குடத்தோடு வந்து கை நீட்டச் சொன்னார். நான் நீட்டவில்லை. குடத்தின் மேல் இருந்த சொம்பை எடுத்து, மோந்து, நின்றபடியே குடித்தேன். உப்பில்லாத முதல் வாய். அந்தத் தண்ணீர் அவ்வளவு தித்திப்பாக இருந்தது, பொய் சொல்லவில்லை. சக்கரபாணி குடத்தைத் தூக்கி வரப்பிலேயே கவிழ்த்துவிட்டார். தேங்காய் வெற்றிலைபாக்கோடு முதலாளி வீட்டு வாசலில் எல்லோர் எதிரிலும் விழுந்து மன்னிப்புக் கேட்டால் வேலைக்கு வரலாம், இல்லாவிட்டால் அளத்துப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. பார்த்தாயா, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இவர்களுக்கு ஒரே புத்திதான், அங்கே தாள் நீட்டுகிறார்கள், இங்கே தேங்காய் கேட்கிறார்கள். நான் போகவில்லை. அப்புறம் உன் அப்பாவைக் கூப்பிட்டு, பெண்சாதிக்குப் பதிலாக நீ வந்து விழு என்றார்களாம். கையெழுத்துதானே என்று எனக்குப் புத்தி சொன்ன மனுஷன் வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, முட்டி வலிக்குது, என்னால குனிய முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லோரும் என்னை மெச்சினார்கள் என்று நினைக்காதே. இரண்டு நாள் மற்றப் பெண்களுக்கும் தண்ணீர் கொடுக்காமல் வதைத்தார்கள். நம் தெரு சின்னப்பாப்பா என் வாசலில் வந்து நின்று, "உம்மவன் அமெரிக்காவுல இருக்கான், நீ எதுவும் பண்ணுவ, எங்க புள்ளைங்க எங்க போவும்" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டது நியாயம். அதனால் இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக அளத்தோர ரோட்டில் கொண்டுபோய் வைக்கிறேன். மேஸ்திரி வந்து துரத்தப் பார்த்தார், ரோடு சர்க்கார் ரோடு, உன் அளம் அந்தப் பக்கம் என்றேன். முதலில் ஏறி வந்து சொம்பை எடுத்துக் குடித்தவள் சின்னப்பாப்பாதான். என்னோடு இன்னும் பேசவில்லை, ஆனால் தினமும் வருகிறாள்.

ஆகவே எங்களை நினைத்து நீ வளைந்து கொடுக்க வேண்டாம். வேலை போனால் போகட்டும், ஊருக்கு வா, உன் படிப்பைப் பிடுங்க எவனாலும் முடியாது. அங்கேயே நின்று போராட வழி இருந்தால் நில், அந்தப் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வராதே. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் அம்மாவை மரக்காணத்தில் ஒருத்தி விசாரித்தாள் என்று சொல். விசாரணைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ, கோபத்தில் வேகமாகப் பேசாதே, உனக்கு அப்போது நாக்குக் குழறும். இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதி அவர்கள் எதிரில் படி, ஒரு வரி விடாதே, என் பேரையும் மறைக்காதே. இதனால் எனக்கு இங்கே என்ன வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் வாய்க்கு யாரும் பூட்டுப் போடாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கி, நான் எங்க போடணும் என்று கேட்டார்.

அவர்களுக்கு ஒரு கையெழுத்துத்தானே வேண்டும், இதோ.

இப்படிக்கு,
க. அமராவதி,
உப்பளத்தில் கையேந்தித் தண்ணீர் குடித்தவள்,
காலனி, மரக்காணம்.

சாட்சி: மு. கன்னியப்பன்