குமிழி வராத கடல்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முக்குளிப்புக் கருவியின் வாய்க்குழாயைத் தேடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டுதான் கருவிப் பையில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

பழைய சிலிண்டரோடு நீங்கள் முங்கும்போது நம் கோசோ தீவின் பாறைமேல் நின்று குமிழிகளைப் பார்த்துக்கொண்டே ஜெபிப்பேன். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் இந்தப் புதுக் கருவியில் குமிழியே வராது. சரி, பழகிக்கொள்கிறேன்.

ஆனால், இறங்குமுன் கரையில் உட்கார்ந்து அதில் மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டுமாம். சுத்தம் செய்யும் தூள் கெட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும் என்று உங்கள் புத்தகத்தில் படித்தேன். நேற்று அதைச் சொன்னதும், "மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றியா, ஜோர்ஜா?" என்று சிரித்தீர்கள். உங்கள் கூட்டாளி சென்சுவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே இறங்கினார்; மேலே வரவில்லை. அவர் மனைவிக்கு இன்றும் சூப் கொண்டுபோனேன், தொடவில்லை.

நாளை வாய்க்குழாயோடு பாறையில் காத்திருப்பேன். ஜெபமாலையில் பத்து மணிகளை நான் உருட்டி முடிக்கும்வரை என் எதிரில் உட்கார்ந்து மூச்சுவிடுங்கள். பிறகு எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போங்கள்.

உங்கள் மூச்சைப் பார்த்தே பழகியவள்