பட்டியலில் இல்லாத மூன்றாம் மாடி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால்களைத் தனியாக விசாரித்தால் அவை வேறு பதில் சொல்லும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆன கதை உனக்குத் தெரியும், யார் பொறுப்பேற்பது என்று கேட்டதும் எல்லோரும் குனிந்துகொண்டார்கள், யார் மாட்டுகிறார் என்று பார்க்க நிமிர்ந்தவன் நான் ஒருவன்தான். போன மாதம் தரைத்தள வீடு ஒன்று காலியானது. லிஃப்ட் இல்லாத கட்டடம், வீடுகளெல்லாம் சங்கத்துடையவை, மாடியில் இருப்பவர்களில் யாருக்கு அதைக் கொடுப்பது என்று நான்தான் முடிவு செய்யவேண்டும். வேறொருவர் அரைமணியில் முடித்திருப்பார். முப்பது வருடம் கல்லூரியில் நீதிக் கோட்பாடு நடத்தியவனுக்கு அது முடியுமா, தாள் எடுத்துக் கோடு போட்டேன். அதிகம் பேருக்கு அதிக நன்மை என்றால் எட்டுப் பேர் இருக்கும் ஓட்டுநர் வீட்டுக்குப் போகவேண்டும். உழைத்தவருக்கே உரியது என்றால் மோட்டார் கெடும்போதெல்லாம் இறங்கி வரும் எலக்ட்ரீஷியனுக்கு. எல்லோரும் சமம் என்றால் சீட்டுக் குலுக்கிவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம். மிகவும் நலிந்தவருக்கு முதலில் என்றால் ஒரு கால் சூம்பிய இரண்டாம் மாடித் தையல்காரருக்கு. கடைசியில், நான் யார், எந்த மாடிக்காரன் என்பதே எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு யோசிக்கும் முறையைக் கையாண்டேன், அதற்காகக் கண்ணையும் மூடினேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் தூங்கிவிட்டேன். எழுந்து தையல்காரர் பெயரை எழுதி, மற்றவர்களின் தேவைகளையும் நான் யோசித்த முறையையும் வரிசையாகக் குறித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். செயலாளர் தன் வீட்டுக்கே பார்த்துக்கொண்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நம் வீட்டைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பயத்துக்கு நடுநிலைமை என்று பெயரும் வைத்திருந்தேன்.

அம்மா காய்கறிப் பையோடு வந்தவள் கீழே மூச்சு வாங்க நின்றபோது அதைப் படித்திருக்கிறாள். மூன்று மாடியும் நின்று நின்று ஏறி வந்து, "எந்த மாடின்னு தெரியாதுன்னு வச்சுக்கிட்டீங்க, சரி. பொண்டாட்டி ஒருத்தி இருக்கான்னுமா தெரியாது?" என்றாள். தையல்காரரின் நிலையை விளக்க ஆரம்பித்தேன். "அவருக்குக் குடுத்தது சரிதாங்க, நானா இருந்தாலும் அவருக்குத்தான் குடுப்பேன். ஆனா என் பேரை எழுதி, இவளுக்கும் வலிக்குதுன்னு எழுதி, அப்புறம் அடிச்சிருக்கணும். எழுதவே இல்லையே" என்றாள்.

இப்போது தையல்காரர் விட்ட இரண்டாம் மாடி வீடு காலியாக இருக்கிறது. அவர் கீழே குடிபோன மறுநாளே அம்மா என் மேசைக்கு வந்து, மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா என்று தொடங்கும் விண்ணப்பத்தை நீட்டினாள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். இந்த முறை முடிவு செய்யும் பொறுப்பை முதல் மாடி நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மா பக்கத்தில் நின்று, என் மனைவிக்கு முழங்கால் வலி, ஒரு மாடி குறைந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்கப் போகிறேன். இந்த ஒரு வாக்கியத்தை நான்கு நாளாக ஒத்திகை பார்க்கிறேன், பாதியில் குரல் உள்ளே போய்விடுகிறது, அம்மா சமையலறையிலிருந்தே "கேக்கல, சத்தமா" என்கிறாள்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் உறை அனுப்புவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே, அளவை அவளிடமே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
விண்ணப்பதாரரின் கணவர்.