நாற்பத்து மூன்று கைநாட்டுகள்

ஜூன் 3, 2025, செவ்வாய். இராஜபாளையம்

இன்றும் கேமரா வேலைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் உழவர் கம்பெனிக்கு நான் செய்து கொடுத்த ஆப்பில், உறுப்பினர் விண்ணப்பங்களைப் போனிலேயே ஸ்கேன் செய்கிற வசதி வேண்டுமாம். 'ஒரே புரோகிராம், ஐபோனிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஓடும்' என்று ஆறு மாதத்துக்கு முன் பெருமையடித்தவன் நான்தான். ஐபோனில் பெரிய பாடு இல்லை, அந்தப் போனே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுகிறது. களப்பணியாளர்கள் வைத்திருக்கும் மலிவு ஆண்ட்ராய்டு போன்களுக்கோ தாளின் ஓரத்தைக் கண்டுபிடிப்பது, நேராக்குவது, வெளுப்பாக்குவது என்று எல்லாவற்றையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. எல்லாம் வாய்க்கொழுப்பு.

ஜாஸ்மின் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு தாளப் புடிக்க ஒரு வாரமா?" என்றாள். கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது?

ஜூன் 5, வியாழன்

சிவபாண்டி அண்ணன் மாதிரி விண்ணப்பங்களைக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; சேத்தூர், தேவதானம் பக்கம் வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்ப்பது அவர்தான். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. தாள்களோ நான்கு மூலையிலும் மஞ்சள். "மொத மொத கம்பெனியில சேருறாக, மஞ்ச தடவாம தருவாகளா தம்பி?" என்று சிரித்தார்.

என் ஸ்கேனில் அந்த மஞ்சள் மூலைகள் கன்னங்கரேலென்று விழுந்தன. மேனேஜர் கனகலட்சுமி மேடத்துக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். "என்ன தம்பி, கருமாதிக் கடுதாசி மாதிரி இருக்கு! நாளைக்கு டைரக்டர்க முன்னால இதையா காட்ட?"

சாயங்காலத்துக்குள் வழி கண்டுபிடித்தேன். அழுத்தமான எழுத்தைத் தவிர நிறமுள்ள எதுவானாலும் கறை, வெள்ளையாக்கு. மூலைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. ஒரு தாளில் இருந்த வயலட் முத்திரையும் கூடவே காணாமல் போனதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். புரோகிராமில் 'பிறகு பார்க்க' என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு மூடினேன்.

ஜூன் 6, வெள்ளி

மேடத்தின் ஐபோனில் செய்து காட்டினோம். டைரக்டர்கள் கை தட்டினார்கள். உண்மையில் அந்தப் போனில் நான் எழுதிய கறை நீக்கம் ஓடவே இல்லை, போன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பாராட்டு மட்டும் எனக்கு. அடுத்த ஆப்பும் எனக்கே என்றார் மேடம்.

ஜூன் 17, செவ்வாய்

பதினோரு களப்பணியாளர்களுக்கும் ஆப் போய்விட்டது. போனில் இடம் பற்றாது என்பதால், சுத்தம் செய்த படம் மட்டும் ஆபீசுக்குப் போகும், முதலில் எடுத்த படம் அழிந்துவிடும். தாள் உறுப்பினரிடமே திரும்பப் போகும்.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் கூப்பிட்டார். சிவபாண்டி அண்ணன் அனுப்பிய விண்ணப்பங்களில் நாற்பத்து மூன்றில் கைநாட்டு இடம் காலியாக இருக்கிறதாம். ஆனால் 'கைநாட்டு வாங்கப்பட்டது' என்று அத்தனையிலும் டிக் போட்டிருக்கிறாராம். மற்றவர்கள் அனுப்பியதில் இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் வயதானவர்களையும் பேனாவைப் பிடிக்க வைத்துப் பெயரைக் கிறுக்கச் சொல்லிவிடுகிறார்கள். அண்ணன்தான் எழுதத் தெரியாதவர்களைப் படுத்தாமல் ஸ்டாம்ப் பேடை நீட்டுவார்.

"ஆப்புல எதுவும் கோளாறு இருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"உங்க போன்லயே பாத்தீங்களே மேடம், எல்லாம் சரியா விழுந்துச்சே."

பொய் இல்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஜூலை 9, புதன்

ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்து என் பெருவிரலையே வைத்து மலிவுப் போனில் ஸ்கேன் செய்தேன். ஆறு தடவை. ஆறு தடவையும் வெள்ளைத் தாள். பேனா எழுத்து அழுத்தமாக இருப்பதால் தப்பிக்கிறது, வயலட் ரேகை தப்பவில்லை.

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 11, வெள்ளி

அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் கோளாறைச் சரிசெய்து புது ஆப்பை அனுப்பிவிட்டேன். மாற்றக் குறிப்பில் எழுதியது: 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.'

சிறு பிழை!

ஜூலை 13, ஞாயிறு

கோயில் ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். மொத்தமாகச் சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பெயர், தேதி எதுவும் கேட்பதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மேடம் சொல்கிறார்: "சிவபாண்டி போன பொறவு பாருங்க, புது ஆளு வாங்குற கைநாட்டு எல்லாம் பளிச்சுனு விழுது. அப்ப அந்த மனுசன் இத்தன நாளும் நம்மள ஏமாத்தியிருக்காரு."

நான் திருட்டுத்தனமாகச் சரிசெய்தது அவர் தலையில் போய் விடிந்திருக்கிறது. நான் திருத்தத் திருத்த அவர் குற்றவாளி ஆகிறார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? "ம்" என்றேன். ஏலே ஜெபக்குமாரு, நீயெல்லாம் ஒரு மனுசனாலே?

ஜூலை 24, வியாழன்

நூல் மில் வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் அண்ணன். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"ஆப்பு நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுதுண்ணே."

"எனக்குத்தான் சரியாப் புடிக்கத் தெரியல போல. வயசாச்சுல்ல, கை நடுங்கிருக்கும்."

துப்பாக்கி பிடித்த கை. நடுங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஜாஸ்மினிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா அவியள வேலைய விட்டு நிறுத்துனேன்?" என்றாள்.

ஜூலை 26, சனி. தேவதானம்

நாற்பத்து மூன்று பேரில் ஒருவரான கருத்தம்மா என்பவரின் வீட்டுக்குப் போனேன். பீரோவிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். மூலையில் மஞ்சள், கீழே வயலட்டில் ரேகை ரேகையாகப் பெருவிரல். பழைய ஆப் இருந்த போனில் அவர் கண்முன்னே ஸ்கேன் செய்தேன். மறைந்தது.

"எங்கய்யா போச்சு என் கையி?" என்றார்.

"நான் அழிச்சிட்டேன் ஆத்தா."

தாளை இரவல் கேட்டேன். பத்திரமாகத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். ஆபீஸ் லீவு. ஒரு நாள் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன், சீச்சீ.

ஜூலை 29, செவ்வாய். ஸ்ரீவில்லிபுத்தூர்

மேடத்தின் மேசையில் கருத்தம்மாவின் தாளையும் போனையும் வைத்தேன். ஸ்கேன் செய்தேன். அவர் தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜூலை ஒன்பது என்று சொல்லியிருக்கலாம். "முத்திர அழியுறத ஜூன் அஞ்சாந் தேதியே பாத்தேன் மேடம்."

"நான் கேட்டேன்ல தம்பி? அன்னிக்கு வாய் விட்டுக் கேட்டேன்ல?"

கேட்டார்தான். என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்து மூன்று பேரையும் சேர்த்துக்கொள்வதாகவும், அவர் திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். "சரிம்மா, வாரேன்" என்றார் அண்ணன். "தம்பிய மட்டும் ஒரு நாளு எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

அடுத்த ஆப் எனக்கு இல்லை. நியாயம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. சேத்தூர்

திட்டு வாங்கவே போனேன். அண்ணன் வாசலில் நின்று, "வாங்க தம்பி" என்று கூட்டிப் போனார். அவர் மனைவி ஈஸ்வரி உள்ளே மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல சொன்னது எனக்குப் போதும் தம்பி. இவகிட்டயும் ஒங்க வாயால சொல்லிருங்க."

சொன்னேன். மஞ்சள், ஜூன் ஐந்து, ஆறு தடவை வைத்துப் பார்த்த விரல், சிறு பிழை என்று எழுதியது, ஒன்று விடாமல். அந்த அம்மாவின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"நான் இவுகள ஒரே ஒரு தடவதான் கேட்டேன்," என்றார், என்னைப் பார்த்து. "நெசமாவே வாங்காமத்தான் டிக் போட்டீகளான்னு. ஒரே தடவ."

"ஒரு தடவதான்," என்றார் அண்ணன்.

காபி வந்தது. குடித்தேன். நாளை முதல் அண்ணன் வேலைக்குப் போகிறார், பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்துவிட்டார், வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. என்மேல் கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன். கணவரை ஒரு தடவை சந்தேகப்பட்டதற்காக அவருக்குத் தன்மேல்தான் கோபம். அதையும் நான்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.