அவர் விட்டுப்போன முகம்

இன்று காலை உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த பிள்ளை பைக்குள்ளிருந்து ஒரு கிறீம் பெட்டியைப் பிரித்து, மணிக்கட்டில் கொஞ்சம் தேய்த்து மணந்து பார்த்தாள். அந்த வாசனை என் பக்கம் வந்ததும் நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, அந்தப் பெட்டியை ஒருக்காத் தாறீரோ?" என்று கேட்டு வாங்கினேன். திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை வாசித்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பிழையில்லை, பூசும்" என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை உன்னோடுதான் மனதுக்குள் கதைத்துக்கொண்டு வந்தேன்.

நீ முதன்முதலாக எங்கள் மருந்துக்கடைக்கு வந்தது உன் அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க. மருந்தைக் கையில் தந்த பிறகும் போகாமல் நின்றாய். ஆட்கள் குறைந்ததும் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அக்கா, இதுக்கு ஏதும் இருக்கோ?" என்று கேட்டாய். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்து கிடந்தது.

கலியாணம் முடித்துப் பதினொரு மாதத்தில், ஆமி செய்த ஒரு சுற்றிவளைப்பில் உன் கணவரைக் கொண்டுபோயிருந்தார்கள். அதன் பிறகு நீ கப்பல்துறையிலிருந்து தினமும் டவுனுக்கு வந்து, ஒவ்வொரு முகாம் வாசலாக நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டுத் திரிந்தாய். அந்த வாசல்களில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. அந்த வெயில்தான் உன் கன்னத்தில் ஏறியிருந்தது.

"அவர் விட்டுட்டுப் போன முகம் இதில்லை அக்கா" என்றாய். "அவர் வரேக்க என்னை ஆரெண்டு தெரியாமப் போனா?"

சனிக்கிழமை மத்தியானம் வா, ஆறுதலாகப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். நீ படியிறங்கியதும், பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "புருசன் எங்கயெண்டு தெரியாது, இவவுக்கு முகத்துக்குக் கிறீம்" என்றா. அதை நான் உனக்குச் சொன்னதில்லை. அந்த மாதிரிப் பேச்சு உன் காதிலும் விழுந்துதான் இருக்கும்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வருவாய். கிறீம் பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்து இருவரும் பின்பக்கத்தை வாசிப்போம். எதை அதிகமாகப் போட்டிருக்கிறார்களோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள் என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதை நீதான் கண்டுபிடித்தாய். என்னைவிட உனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கூட ஓடும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சிங்க் ஒக்சைட் வெயிலை மறிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டாய். ஒருநாள் வெளிநாட்டுப் பெட்டி ஒன்றையும் உள்ளூர்ப் பெட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"இஞ்ச பாருங்கோ அக்கா, முதல் ஆறும் ஒண்டுதான். பெட்டிதான் வேற. வெளிநாட்டுக்காரிக்கும் தண்ணிதான் முன்னுக்கு நிக்குது!"

நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். நீ சிரித்து நான் கண்ட முதல் நாள் அது. அன்றைக்குத்தான் நான் பெரிய ஆள் மாதிரி உனக்குப் புத்தி சொன்னேன்: "ஒண்டும் எழுதாத சாமானை மட்டும் தொடாத. உள்ளுக்க என்ன இருக்கெண்டு சொல்லாதவன்ர சாமான் எங்களுக்கு வேண்டாம்."

வெயிலை மறிக்கிற கிறீம் ஒன்றும் குடையும் போதும், ஆனால் நாள் எடுக்கும் என்று சொல்லி அனுப்பினேன். நீயும் சொன்னபடி செய்தாய். மங்கு மெல்ல வெளிறத் தொடங்கியது. இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

பொறுக்க விடாமல் ஒரு செய்தி வந்தது. தெற்கில் ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவர், உன் கணவரை அங்கே கண்டதாகச் சொன்னார். விடப்போகிறார்களாம் என்றும் சொன்னார். அதன் பிறகு இரண்டு சனிக்கிழமை உன்னைக் காணவில்லை. மூன்றாம் சனிக்கிழமை, காலையிலேயே, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது வந்தாய். எனக்கு ஒரு கணம் ஆளைத் தெரியவில்லை. அப்படி வெளுத்திருந்தாய். கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை.

"அக்கா, ஆமிக்காரன்ர சென்றியில என்னை மறிச்சுப்போட்டாங்கள்! அடையாள அட்டையைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், திருப்பியும் படத்தைப் பாக்கிறான். இது வேற ஆள் எண்டு நினைச்சிட்டான்." சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பயப்பட வேண்டிய விஷயம் அது. உனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாய். வீடு வீடாக வருகிற ஒருத்தி விற்றதாம். மூடியில் ஒரு பூப்படம் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"இதில ஒண்டும் எழுதேல்லை அக்கா. மூண்டு கிழமை பூசிப் பாத்தனான். அதுதான் உங்களிட்டக் கேக்க வந்தனான். தொடர்ந்து பூசலாமோ?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை என் வாயால் கெடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஆட்கள் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "எழுதாட்டி என்ன, பலன் தெரியுதுதானே. பூசு" என்றேன்.

நீ டப்பியைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

சில மாதத்தில் உனக்குக் கால் வீங்கியது. செருப்பு கொள்ளவில்லை என்று வெறுங்காலோடு கடைக்கு வந்தாய். காலையில் எழும்பினால் கண் திறக்க ஏலாமல் முகம் ஊதிக் கிடக்கிறது என்றாய். நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகம் பழுதாகிறது என்று டொக்டர் சொன்னார். உன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, என்ன பூசினீர் என்று கேட்டார். டப்பியைக் காட்டினோம்.

"இப்படிச் சாமானில பாதரசம் கலக்கிறவங்கள். தோலால உள்ளுக்குப் போயிடும். இதில இருக்கோ எண்டு சோதிச்சுப் பாக்க இஞ்ச வசதியில்லை. ஒருத்தரிட்டயும் கேக்காமலோ பூசினீர்?"

"இல்லை டொக்டர்" என்றாய் நீ, அவசரமாக. "அக்காட்டக் கேட்டுத்தான் பூசினனான்."

என்னைக் குற்றம் சொல்ல நீ அப்படிச் சொல்லவில்லை. உன்னை அவர் ஒரு விவரம் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னாய். சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்த்தாய்.

உன்னைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதித் தந்தார்கள். அன்றைக்கென்று பாதையில் குண்டு வெடித்துப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் காத்திருந்தோம். நாலாம் நாள் அம்புலன்ஸில் உன்னோடு நானும் வந்தேன். கண்டியில் பன்னிரண்டு நாள் இருந்தாய். வீங்கிய உடம்பில் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள். கடைசி இரண்டு நாளும் நீ யாரோடும் கதைக்கவில்லை. உன் சாவுக்குப் பாதரசம்தான் காரணம் என்று அறுதியாக ஒருவரும் எழுதித் தரவுமில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து உன் கணவர் வந்தார். மெலிந்து, முன்பல் இரண்டு இல்லாமல், கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "கடைசியில நீங்கள்தான் கூட நிண்டனீங்கள் எண்டு மாமி சொன்னவ" என்றார். உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். அவருக்குக் கிடைத்தது உன் சாவுச் செய்தி மட்டும்தான். அதுவும் விடுபட்டு வீட்டுக்கு வந்த பிறகு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் நான் சொன்ன அந்தச் சொற்களையும் அப்படியே சொன்னேன். உன் அம்மாவுக்குக்கூட அதுவரை சொல்லாதது அது.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "எனக்காகவோ பூசினவ?"

"ஓம்."

"அவ கறுத்திருந்தா என்ன, எப்பிடி இருந்தா என்ன... தூரத்தில நடந்து வந்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா" என்றார். சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். எழும்பி, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அவர் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவரை நான் காணவுமில்லை. உன் அம்மாவும் காலமாகிவிட்டா. கப்பல்துறையில் விசாரித்தேன், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் இன்னும் அதே கடையில்தான் நிற்கிறேன். யாராவது ஒரு கிறீமை நீட்டி "பூசலாமோ?" என்று கேட்டால், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் வாசித்து முடிக்காமல் வாய் திறப்பதில்லை. வாசலில் ஒரு ஆண் செருப்பைக் கழற்றினால், அவரோ என்று நிமிர்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ படியிறங்கும்போது "வருவார், யோசிக்காத" என்று உனக்குச் சொல்லி அனுப்ப நான் இருந்தேன். எனக்கு அப்படிச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை, தங்கச்சி.